களிநிலமும் கம்பளப் புல்லும்

புல் என்றாலே அற்பம் என்பது நம் மொழியின் தீர்ப்பு. சிறுமையைப் புன்மை என்றும், கீழ்மக்களைப் புல்லர் என்றும் வழங்கினர் நம் முன்னோர். ஆயினும் அதே முன்னோர்தாம் அறுகம்புல்லைப் பிள்ளையார் திருமுடியில் ஏற்றி வைத்தனர். சாணத்திற் பிள்ளையார் பிடித்து, உச்சியில் அறுகு சூட்டாமல் அவர்கள் எந்த மங்கல காரியத்தையும் தொடங்கினாரல்லர். அற்பமும் அதுவே, மங்கலமும் அதுவே. அத்தகைய புல்லுக்கு இந்நாளில் வேறொரு மதிப்பு வந்திருக்கிறது. முளைக்காத, வளராத, மாடு மேயாத புல்லைப் பணம் கொடுத்து வாங்கி நிலத்தில் விரிக்கும் காலம் இது.

யாழ்ப்பாண நகரத்திலும் அதனையடுத்த பெருந்தெருக்களின் ஓரங்களிலும் சென்று வருவோர் இதனைக் கண்டிருப்பர். திருமண மண்டபத்தின் முன்றல், தங்குவிடுதியின் முற்றம், உணவுச்சாலையின் திறந்தவெளி, இளைஞர் பந்தாடக் கட்டணத்துக்கு விடப்படும் வலையடைத்த மைதானம் ஆகிய இடங்களிற் பச்சைப்பசேலென்ற விரிப்பு ஒன்று கிடக்கிறது. பங்குனி வெயிலில் ஊரெங்கும் புல் கருகிக் கிடக்கையிலும் அது நிறம் மாறுவதில்லை. மார்கழி மழையில் ஊரெங்கும் சேறாய்க் கிடக்கையிலும் அதன்மேல் நடப்போர் செருப்பிற் சேறு ஒட்டுவதில்லை. முதலிட்டுத் தொழில் செய்வோர் அதனை விரும்புவதில் வியப்பில்லை.

இவ்விருப்பம் மிகுதியாக எழும் இடம் களிநிலம். செம்மண் மேட்டிலே தெருவோரக் காணி கிடைப்பது அரிதாகிவிட்டமையால், வயற்கரைகளிலும் கடனீரேரியை அடுத்த தாழ்நிலங்களிலும் கட்டடங்கள் எழுகின்றன. கட்டடம் எழுந்தபின் முற்றத்திற் புல் நடுகிறார்கள். மாரியில் வேர் அழுகுகிறது. கோடையில் மண் வெடிக்கிறது. “களியிலே புல் வராது, கம்பளத்தைப் போட்டுவிடுங்கள்” என்ற ஆலோசனை எளிதாகக் கிடைக்கிறது. அந்த ஆலோசனை எவ்வளவுக்குச் சரி? சொந்தக் கிணற்றையும் அயலவர் கிணற்றையும் நம்பி வாழும் நம் குடாநாட்டில் இக்கேள்வி முற்றத்தின் அழகோடு முடிந்துவிடுவதில்லை. விழுந்த மழை எங்கே போகும் என்ற பெரிய கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. புவியியல் கற்பிக்கும் ஒருவன் என்ற முறையில் அதனைச் சிறிது விளக்க முயல்கிறேன்.

நம் மண் பலவகை

நமது குடாநாட்டைச் ‘செம்பாட்டு நிலம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம், மருதனார்மடம் முதலிய ஊர்களுக்கு அது பொருந்தும். அங்கே மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் பாறையின்மேற் செம்மண் படிந்திருக்கிறது. அதில் விழுந்த மழை விரைவில் உள்ளிறங்கிப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்கிறது. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைந்த தோட்டங்களின் செல்வம் அந்த மண்ணும் அதன் கீழுள்ள நீருமே.

வடமராட்சி கிழக்கிற்குச் சென்றால் மணல். வழுக்கையாறு மாரியில் ஓடும் பள்ளத்திலும், அராலி, நாவற்குழி, செம்மணி, கைதடி முதலிய இடங்களின் வயல்களிலும் தரவைகளிலும் சாம்பல்நிறக் களியையும் உவர் பாய்ந்த இறுகிய மண்ணையும் காணலாம். நீரைத் தேக்கி வைப்பதனால் நெல் விதைப்பவனுக்கு அக்களி நல்லது. முற்றம் அமைப்பவனுக்கு அதே குணம் இடைஞ்சலாகிறது.

களியின் துணிக்கை 0.002 மில்லிமீற்றரினும் சிறியது. தட்டுத் தட்டாய் அடுக்கப்பட்ட துணிக்கைகளின் இடையே நீர் புகுந்தால் சிலவகைக் களி ஊதும். நீர் வற்றினாற் சுருங்கி வெடிக்கும். உவர்நிலக் களியிலே சோடியம் மிகுந்திருப்பதால், துணிக்கைகள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். மணல்நிலம் மணிக்கு 30 மில்லிமீற்றருக்கு மேல் நீரை உள்வாங்க வல்லது. களிநிலம் உள்வாங்குவது மணிக்கு 1 முதல் 5 மில்லிமீற்றர் வரையில் மட்டுமே. கார்த்திகை மாதத்து இரவொன்றில், பத்து மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர் மழை பொழிந்தால், களிமுற்றம் அதிற் பாதியைக்கூட முழுதாகக் குடித்துவிட மாட்டாது. மிகுதி தேங்கும், அல்லது ஓடும்.

களியின் முழுக் குணத்தையும் காண விரும்புவோர் மன்னார் மாவட்டத்து முருங்கனுக்குச் செல்லலாம். அங்குள்ள கருங்களி கோடையில் ஆழ வெடித்து, மாரியிற் பசையாகும் இனத்தைச் சேர்ந்தது. 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 இற் போரினால் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, தன் அயலிலே கிடைத்த சுண்ணக்கல்லோடு சேர்ப்பதற்கு முருங்கன் களியையே வருவித்தது. சூளையில் வெந்து சீமெந்தான பின் அசையாமல் நிற்கும் அக்களி, நிலத்திற் கிடக்கும்போது ஒருநாளும் அசையாமல் நிற்பதில்லை. களியின்மேல் எதனைப் போடுபவரும் முதலில் நினைவிற் கொள்ளவேண்டியது இதுவே.

போத்தலிற் காணும் உண்மை

உங்கள் காணியில் இருப்பது களியா அன்றா என்பதை அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு மண் இட்டு, நீர் நிரப்பி, சிறிது சவர்க்காரத் தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியிற் படியும். வண்டல் சில மணி நேரத்திற் படியும். களியோ ஒருநாள் கழிந்தும் நீரைக் கலக்கியபடியே நிற்கும். படிந்தபின் போத்தலுக்கு வெளியே அளவுகோலை வைத்து மூன்று படைகளையும் அளந்துகொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடாயின் இவ்வேலையை அவர்களிடமே விடுங்கள்; விருப்பத்தோடு செய்வார்கள்.

அடுத்த சோதனை நிலத்திலேயே செய்வது. ஓரடி ஆழத்திற் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடியும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலத்திலும் குறைவாக இறங்குமானால் அந்நிலத்துக்கு வடிகால் இன்றியமையாதது. இச்சோதனையைச் செய்யாமற் கம்பளத்துக்கு விலை பேசுவது, சாதகம் பாராமற் கலியாணம் பேசுவது போன்றது என்று நம் ஊர்க் கிழவர் ஒருவர் சொல்லக்கூடும்.

செயற்கைப் புல் பிறந்த கதை

மண்ணின் குறையை மறைக்க விரிப்பு இடுவது நமக்குப் புதிதன்று. நம் கல்லூரிகளின் கிரிக்கெட் ஆடுகளங்களில் நெடுங்காலம் தும்புப் பாய் விரித்தே ஆடினர். 1904 முதல் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ பாயின்மேல் நிகழ்ந்த ஆண்டுகள் பல. ஆட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டி எடுத்துவிடுவர். மழையும் வெயிலும் மறுபடியும் மண்ணுக்கே உரியனவாகும்.

பிளாஸ்டிக் புல் வேறு தேவையிற் பிறந்தது. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே பிறொவிடன்ஸ் நகரத்து மோசஸ் பிறவுண் பள்ளியில் 1964 இல் அது விரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிற் கூரையிட்ட மாபெரும் விளையாட்டரங்கு ஒன்றைத் திறந்தனர். ஒளி புகுவதற்காகக் கூரையில் ஒளிபுகு தகடுகள் பதித்து, உள்ளே உண்மைப் புல்லையே வளர்த்தனர். தகடுகளினூடாக வந்த கூச்சத்தால் ஆட்டக்காரருக்குப் பந்து தெரியவில்லை. தகடுகளுக்கு வர்ணம் பூசினர். பந்து தெரிந்தது, புல் செத்தது. ஆதலால் 1966 இற் செயற்கைப் புல்லை விரித்தனர். ‘அஸ்ட்ரோடோம்’ என்ற அந்த அரங்கின் பெயராலேயே அப்புல் ‘அஸ்ட்ரோ டர்ஃப்’ எனப் பெயர் பெற்றது. மழையும் வெயிலும் படாத கூரையின் கீழ்ப் புகழ் பெற்ற பொருள் அது என்பதை நாம் மறத்தலாகாது.

1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டது. அதற்கு முன் ஏழு முறை தங்கப் பதக்கம் வென்ற இந்தியா அவ்வாண்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அதன்பின் செயற்கைத் தளம் இல்லாத நாடு ஹொக்கியில் முன்னேற முடியாது என்ற நிலை வந்தது. தமிழ்நாட்டிலே கரிசல் பூமியின் நடுவிலுள்ள கோவில்பட்டியிலும் அத்தகைய தளம் அமைந்தது. 2022 இல் இந்திய இளையோர் தேசிய ஹொக்கிப் போட்டி அங்கே நடைபெற்றது. அவ்வூர் இளைஞர் மாரீஸ்வரன் சக்திவேல் அதே ஆண்டு இந்திய அணியில் ஆசியக் கிண்ணத்துக்கு ஆடினார். கரிசலும் முருங்கன் களியைப் போலவே வெடித்து ஊதும் மண். அம்மண்ணிலும் நல்ல தளம் அமைக்கலாம் என்பதற்குக் கோவில்பட்டி சான்று. எனவே களியில் இது இயலாத காரியமென்று யாரும் சொல்லிவிட முடியாது. இயலச் செய்வது பச்சை விரிப்பன்று. அதன் கீழே கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கும் கல்லும் சரிவும் வடிகாலுமே.

விரிப்பின் கீழே செய்யவேண்டியவை

களியின்மேற் கம்பளத்தை நேரே விரித்துவிடுவோர் உளர். முதல் மாரியிலே களி ஊதி விரிப்பு அலையலையாக எழும். முதற் கோடையிலே களி சுருங்கிப் பள்ளம் விழும். பொருத்துகள் வாய் திறக்கும். அடியில் நின்ற நீர் நாற்றம் எடுக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதனைக் கிழித்தெறிய நேரிடும். செலவைக் குறைக்க விரும்பியவருக்கு இரட்டைச் செலவு வந்து சேரும்.

செய்யத்தக்க முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். வேலையை மாசிக்கும் ஆவணிக்கும் இடையில், மண் உலர்ந்திருக்கும் காலத்திற் செய்தல் வேண்டும். ஈரக்களியை மிதித்தாலும் உருளையிட்டாலும் அது இன்னும் இறுகிப் பீங்கான் போலாகிவிடும். மேற்களியை ஆறங்குலம் வரையில் வெட்டி எடுத்து, அடித்தளத்தை 100 அடிக்கு 1 முதல் 2 அடி வரை சரியும்படி அமைக்கவேண்டும். சரிவு கட்டடத்தின் அத்திவாரத்தை நோக்கி இருத்தலாகாது. பின்னர், களியும் கல்லும் கலவாமற் பிரித்து வைக்கும் செயற்கை இழைத் துணியை விரிக்கவேண்டும். இத்துணியை மிச்சம் பிடிப்பவர்கள் பலர். அது இல்லையேல் ஒவ்வொரு மாரியிலும் களி மேலேறிக் கல்லிடுக்குகளை அடைத்துவிடும்.

துணியின்மேல் நான்கு முதல் ஆறங்குலம் வரை உடைகல்லை இரண்டு மூன்று படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்குதல் வேண்டும். முனையுள்ள கல்லே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உருண்டைக் கல் நழுவும். நம் ஊர்ச் சுண்ணக்கல்லின் தூள் நனைந்து இறுகி நீர்வழியை அடைக்கக்கூடியது. ஆதலால் தூளற்ற கருங்கல் சிறந்தது. அதன்மேல் ஓரங்குலம் நுண்கல் பரப்பி மட்டம் செய்து, தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயொன்றைப் பதிக்கவேண்டும். நாற்புறமும் கற்கட்டு ஓரம் அமைத்தபின்னரே, அடியில் துளைகளுள்ள கம்பளத்தை விரிக்கலாம். புல்லிழைகள் நிமிர்ந்து நிற்பதற்கு இடையில் மணல் தூவுவது வழக்கம். அம்மணலுக்காக மணற்காட்டு மேடுகளைச் சுரண்டுவோருக்குத் துணை போகாதீர்கள். கடலுக்கும் ஊருக்கும் இடையே நிற்கும் அரண் அது.

வெட்டி எடுத்த களியைத் தெருவோரத்திற் கொட்டாமல் வயலுக்கோ வரம்புக்கோ கொடுத்துவிடுதல் நன்று. இன்னுமொன்று: காணி நெற்காணியாயின், அதனை நிரப்புவதற்கு முன் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும். முற்றத்தின் அழகு பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பின்னரே.

வெயிலின் கணக்கு

உயிருள்ள புல் வெயிலில் நீரை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் புல்லுக்கு அவ்வித்தை தெரியாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002 இல் அளந்து பார்த்தபோது, பகல் முழுவதற்குமான சராசரி வெப்பம் இயற்கைப் புல்லின் மேற்பரப்பில் 26 பாகை செல்சியசாகவும், செயற்கைப் புல்லின் மேற்பரப்பில் 47 பாகையாகவும் இருந்தது. கடும் வெயில் நாளொன்றிற் செயற்கைப் புல் 93 பாகை வரை ஏறியதாம். நீர் தெளித்துப் பார்த்தனர். 79 பாகையிலிருந்து 29 பாகைக்கு இறங்கியது. ஐந்து நிமிடத்தில் அது 49 பாகைக்கும், இருபது நிமிடத்தில் 73 பாகைக்கும் மறுபடி ஏறிவிட்டது.

அவ்வளவு வெப்பம் நம் ஊரிலும் அப்படியே வரும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வெயில் யாருக்கும் இளைத்ததன்று. கலியாண வீட்டிற் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடித் திரியும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். மண்டபக்காரர் நண்பகல் முகூர்த்தத்துக்கு வருவோரை அவ்விரிப்பின்மேல் நிறுத்துவதானால் மேலே நிழல் வேண்டும். மர நிழலானால் மேலும் நன்று.

ஒரு பரப்பு நிலத்தின் கணக்கு

செயற்கைப் புல்லை ஆதரிப்போர் கூறும் வலுவான நியாயம் ஒன்று உண்டு: அது நீரை மிச்சப்படுத்தும் என்பது. அதனை மதித்து, கணக்காகவே பார்ப்போம். நம்மவர் நிலத்தைப் பரப்பிற் கணக்கிடுவர். ஏக்கரொன்றுக்குப் பதினாறு பரப்பு. ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். கோடையிற் புற்றரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சுவதானால், ஒரு பரப்புக்கு 1,250 லீற்றருக்கு மேல் வேண்டும். மாசி முதற் புரட்டாதி வரை 200 நாட்கள் பாய்ச்சினால் இரண்டரை லட்சம் லீற்றர். அவ்வளவும் கிணற்றிலிருந்து இறைக்கவேண்டிய நீர். இந்நியாயத்தை அலட்சியம் செய்தல் தகாது.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுதுவோம். நம் குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில். எனவே அதே ஒரு பரப்பின்மேல் ஆண்டுதோறும் விழும் மழை மூன்று லட்சம் லீற்றருக்கு மேல். 100 மில்லிமீற்றர் பொழியும் ஒரே நாளில் 25,000 லீற்றர், அதாவது 5,000 லீற்றர் கொள்ளும் தண்ணீர்ப் பவுசர்கள் ஐந்து. இந்நீரைக் குழாய் வழியே தெருவுக்குத் தள்ளிவிட்டால், நாலு பரப்பு முற்றம் உள்ள மண்டபம் ஒன்று அன்றிரவே இருபது பவுசர் நீரை அயலார் படலைக்கு அனுப்புகிறது. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் கொணர்ந்த பெருமழையிற் குடாநாடு வெள்ளக்காடானதை நினைவுகூர்வோருக்கு இதன் பொருள் விளங்கும். கோடையில் மிச்சம் பிடித்த நீரைப் பெருமையாகச் சொல்பவர் மாரியில் இழந்த நீருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

கிணற்றின் பக்கம்

நம் குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நிலத்தடியிற் சுண்ணக்கல்லினுள் நன்னீர் ஒரு வில்லையைப் போலக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறியாதார் இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இரு அறிஞர் கண்ட விதி. மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உவர் 40 அடி ஏறும் என்பதும் அதே விதியின் பொருள். மாரியில் நிலம் குடிக்கும் ஒவ்வோர் அங்குல நீரும் கோடைக்கு இட்ட வைப்பு.

அளவைப் போலவே தூய்மையும் முக்கியம். வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல், மணலைப் போல நீரை நன்றாக வடிகட்டித் தருவதில்லை. மேலே சிந்தியது வெகுதூரத்துக் கிணற்றிலே தோன்றும். 2010 களிற் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துன்பம் நமக்கு அதனைக் கற்பித்தது. உயர் நீதிமன்றம் 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்துத் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பினாற் கிணறு கழுவப்படுவதில்லை.

செயற்கைப் புல் எண்ணெயைப் போலக் கொடியதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வெயிலிலும் மிதியிலும் அதன் இழை தேய்ந்து நுண்துகளாக உதிர்கிறது. விளையாட்டுத் தளங்களில் இழைகளுக்கு இடையே பழைய ரயர்களை அரைத்த இறப்பர்த் துகளையும் தூவுகிறார்கள். அது மழையோடு ஓடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இற் செய்த விதியின்படி, அத்தகைய நுண்பிளாஸ்டிக் துகள்களின் விற்பனை எட்டு ஆண்டு அவகாசத்தின் பின், 2031 இல் அங்கே தடைப்படும். செல்வ நாடுகள் கைவிடும் பொருள் மலிவாக நம் துறைமுகத்துக்கு வருவது புதுமையன்று. விலை குறைந்திருக்கிறதே என்று மகிழுமுன், அது ஏன் குறைந்தது என்று கேட்டுக்கொள்வது நன்று. பத்துப் பதினைந்து ஆண்டில் விரிப்பு நைந்தபின் அதனை எங்கே போடுவது என்பதற்கும் விடை வேண்டும். வளவுக்குள் எரிப்பது விடையாகாது.

பழைய முற்றத்தின் பாடம்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தின்போது, சுற்றுவீதிகளில் மணல் பரப்பப்படுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயிரக்கணக்கானோர் அதன்மேல் நடக்கின்றனர். அடியார்கள் அங்கப்பிரதட்சணம் செய்கின்றனர். மழை பெய்தால் மணல் அதனைக் கீழே விடுகிறது. திரளான மக்கள் புழங்கும் இடத்துக்கு எது விரிப்பு என்பதை நம் வழக்கம் முன்னரே கண்டுகொண்டது. வீடுகளிலும் வெண்மணல் தூவிய முற்றமும், சாணம் மெழுகிய திண்ணையும், ஓரத்தில் வேம்பும் இருந்தன. புற்றரை நம் முற்றத்துக்குப் பின்னாளில் வந்த விருந்தாளியே.

களியிலும் உயிருள்ள புல் வளர்க்க விரும்புவோருக்கு வழி இல்லாமலில்லை. உவர் கலந்த களிக்கு ஜிப்சம் இட்டால் சோடியம் விலகித் துணிக்கைகள் திரளும். அதனோடு மக்கிய எருவையும், நம் கமக்காரர் தோட்டங்களிற் புதைத்து உரமாக்கும் பனையோலையையும் சேர்த்து, நிலத்தை அரையடி உயர்த்தி அறுகு பதித்தால் அது பிடித்துக்கொள்ளும். உவரையும் வறட்சியையும் தாங்குவதில் அறுகுக்கு நிகர் சிலவே. கோடையில் அது சற்றுப் பழுப்பாகும். முதல் மழைக்கு மறுபடி தளிர்க்கும். ஆண்டு முழுதும் ஒரே பச்சையாக இருக்கவேண்டும் என்ற ஆசையைச் சிறிது தளர்த்தினால் செலவில் பாதி குறைந்துவிடும். நீர் தேங்கும் மூலையில் மருதும் நாவலும் நன்கு வளரும்.

செய்யத்தக்கது யாது?

மண்டபம், விடுதி, கடை முதலியவற்றை உடையோருக்குச் சுருங்கச் சொல்வது இதுவே. முற்றம் முழுவதையும் பச்சைப் பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள். மிதி மிகுந்து எந்தப் புல்லும் நில்லாத இடம், நிழல் விழுந்து புல் வளராத நடை, பிள்ளைகள் ஆடும் சிறுதளம் ஆகியவற்றுக்கு அது போதும். அவ்விடத்திலும் இறப்பர்த் துகளை விலக்கி, கல்லும் துணியும் சரிவும் வடிகாலும் முறைப்படி அமைத்தபின் விரியுங்கள். ஒப்பந்தகாரரிடம் கம்பளத்தின் மாதிரியை மட்டும் பார்த்து மயங்காமல், அடித்தளத்தின் குறுக்குவெட்டைக் கடுதாசியில் வரைந்து தரும்படி கேளுங்கள். வரைந்து தர இயலாதவர் அமைத்துத் தரவும் மாட்டார்.

வடிகாற் குழாயின் மறுமுனையைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். காணியின் தாழ்ந்த மூலையில் சிறு பள்ளம் ஒன்றை அமைத்து, மணலும் செடியும் இட்டு, நீர் அங்கே நின்று தெளிந்து இறங்கச் செய்யுங்கள். களி தடித்த இடத்தில் நீர் இறங்காதாயின், பிரதேச சபையையோ மாநகர சபையையோ கேட்டு, அண்மையிலுள்ள குளத்தின் வாய்க்காலோடு இணையுங்கள். ஆரியகுளம், புல்லுக்குளம் என்று நகரத்தின் நடுவிலேயே குளங்களை வைத்தவர்கள் காரணமின்றி வைக்கவில்லை. வடிநீரைக் கிணற்றுக்குள்ளோ பாறைப் பொந்துக்குள்ளோ நேரே விடுவது மட்டும் ஆகாது. அது ஊரின் குடிநீரிற் கைவைப்பதாகும்.

வரும் ஐப்பசியில் முதற் பெருமழை பெய்யும்போது, குடையை எடுத்துக்கொண்டு உங்கள் முற்றத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். நீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, யாருடைய வேலியை நோக்கி ஓடுகிறது என்று கவனித்துக் குறித்து வையுங்கள். கம்பளத்துக்கு விலை பேசும் நாளில் அக்குறிப்பையும் கையிற் கொண்டு போங்கள்.